கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு



தை, மாசி மாதங்களில் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறித்து முடிந்து, மிளகும் கைக்கு வரத் தொடங்கும்போது நாகலூர்ப் பக்கத்துக் கடைகளில் பழைய பற்று வசூலாகும். ஆண்டு முழுவதும் நோட்டில் எழுதிய எழுத்து அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பணமாகிறது. அந்தப் பணத்தில் மொத்த வியாபாரிகளான எங்கள் பாக்கியைத் தீர்த்த பிறகு கடைக்காரர் கையில் கொஞ்சம் நிற்கும். அதை எங்கே போடுவது என்று மலைக்குப் போகும்போதெல்லாம் எங்களைக் கேட்கிறார்கள். 2024-25இல் காபி விலை உலகச் சந்தையில் இதுவரை காணாத உயரத்துக்குப் போனதிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. பணம் வந்த செய்தி கேட்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, கையில் விளம்பரத் தாளோடு வருகிற ஏஜெண்டுகளும் அதிகமாகிவிட்டார்கள். ஆகவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

மாத சம்பளக்காரருக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு, கிராஜுவிட்டி உண்டு. வைப்பு நிதியை அவர் கேட்காமலேயே சம்பளத்தில் பிடித்து வைக்கிறார்கள். மளிகைக் கடைக்காரருக்குப் பிடித்து வைப்பவர் யார்? அவரேதான் முதலாளி, அவரேதான் தொழிலாளி. காலையில் வீட்டுக்குப் பால் வாங்குவதும் கல்லாவிலிருந்துதான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுவதும் கல்லாவிலிருந்துதான். பருப்பு மூட்டைக்குப் பணம் அனுப்புவதும் அதே கல்லாவிலிருந்துதான். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது தனி உரிமையாளர் கடை. அப்படிப்பட்ட கடையைச் சட்டம் தனி ஆளாகப் பார்ப்பதில்லை. கடை பட்ட கடன் நாம் பட்ட கடன். கடைச் சரக்கு போதவில்லை என்றால் நம் வீடு, நம் நிலம், நம் வங்கிப் பணம் எல்லாம் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டால்தான் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும். வட்டி எத்தனை என்பது இரண்டாவது கேள்விதான்.

இதை நாங்கள் கற்றது கடன் கொடுத்தவராக இருந்து. கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறோம்.

நாகலூர்ப் பக்கத்தில் ஒரு கடைக்காரர். பெயர் வேண்டாம். நாணயமான மனிதர். எண்ணெய், பருப்பு, அரிசி எல்லாம் எங்களிடமும் சேலத்தில் இன்னும் நான்கு மண்டிகளிலும் எடுப்பார். சிறு காபித் தோட்டக்காரர்களுக்கும் எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் பழம் பறிக்கும் வரை கடனுக்குச் சரக்குப் போடுவார். ஒரு காலத்தில் காபி முழுவதும் காபி வாரியத்தின் தொகுப்புக்குப் போய், தோட்டக்காரருக்குத் தவணை தவணையாகப் பணம் வந்தது. 1990களில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிந்தது. பிறகு விற்றவுடன் முழுப் பணமும் கைக்கு வந்தது. விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் எல்லோருக்கும் கொண்டாட்டம். 2000க்குப் பிறகு வியட்நாம் காபி உலகச் சந்தையில் வந்து குவிய, விலை பாதாளத்துக்குப் போனது. 2001, 2002இல் பறிகூலிக்கே கட்டவில்லை என்று பழத்தைச் செடியில் விட்டவர்களும் உண்டு. கடைக்காரரின் பற்று நோட்டு அப்படியே நின்றுபோனது. எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து அவர் தர வேண்டியது ஆறு லட்சத்துக்கு மேல்.

கேட்டுப் பார்த்தோம், காத்தும் பார்த்தோம். கடைசியில் இரண்டு பேர் வழக்குப் போட, மற்றவர்களும் சேர்ந்தோம். அவர் சொத்து என்ன என்று பார்த்தால், கடைக்கட்டடம் ஏற்கெனவே வங்கியில் அடமானம். வங்கியில் அவர் பெயரில் இருந்த வைப்புத் தொகையைக் கடையின் ஓவர்டிராப்டுக்காக வங்கியே பிடித்துக்கொண்டது. வீட்டு நகை வருடக் கடைசியில் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது. இரண்டு ஏக்கர் காபி நிலம் இருந்தது. அந்த ஆண்டு மலையில் நிலத்தைக் கேட்பார் இல்லை. மிச்சம் ஏற்காடு தபால் நிலையத்தில் ஒரு பாஸ் புத்தகம். பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எப். கணக்கு. பள்ளி ஆசிரியராக இருந்த மைத்துனர் வற்புறுத்தி 1987இல் ஆரம்பித்து வைத்தது. வருடம் 5,000 ரூபாய் கட்டி வந்திருக்கிறார். பதினைந்து ஆண்டில் கட்டியது 75,000. அப்போது பெரும்பாலான ஆண்டுகள் 12 சதவீத வட்டி இருந்ததால் 2002இல் இரண்டு லட்சம் ரூபாய்க்கு வளர்ந்திருந்தது.

அதை ஜப்தி செய்யலாம் என்று எங்களுக்கு ஆசை. வக்கீல் சிரித்தார். "அதை மட்டும் தொட முடியாதுங்க" என்றார். 1968ஆம் ஆண்டின் பி.பி.எப். சட்டத்திலேயே, கணக்கு வைத்திருப்பவர் பட்ட கடனுக்காக அந்தக் கணக்கை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யக் கூடாது என்று 9ஆம் பிரிவு இருந்தது. அந்தச் சட்டம் பின்னால் அரசு சேமிப்பு மேம்பாட்டுச் சட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் புதிய பி.பி.எப். திட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. அன்று எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பணத்தில்தான் அவர் பெண்ணின் நர்சிங் படிப்பு முடிந்தது, சிறிய அளவில் கடையும் மறுபடி திறந்தது. அந்தக் கடை வருமானத்திலிருந்தே எட்டு ஆண்டுகளில் எங்கள் பாக்கியில் பெரும்பகுதியைக் கொடுத்தும்விட்டார். அந்த வருடமே ஜப்தி செய்திருந்தால் எங்கள் ஐந்து பேருக்கும் தலைக்கு நாற்பதாயிரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த வழக்கு முடிந்த மாதம் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பி.பி.எப். கணக்குத் தொடங்கினோம்.

"கடையில போட்டா அதிகம் கிடைக்குமே"

கடைக்காரர்கள் சொல்கிற நியாயத்தையும் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு தம்பி சொன்னார்: "அண்ணா, கடையில போட்டா மாசத்துக்கு ரெண்டு தடவ திரும்புதுங்க. தபாலாபீசுல பூட்டி வச்சு என்னங்க பண்றது?"

உண்மை. சுற்றுகிற சரக்கில் போட்ட முதல் ஆண்டில் பலமுறை திரும்புகிறது. எந்த வங்கியும் அதற்கு ஈடாக வட்டி தராது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போட்ட முதல் சரக்காகவே இருப்பதில்லை. பற்று நோட்டில் எழுத்தாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இருபது மூட்டை விற்கிற இடத்தில் முப்பது மூட்டை இறக்கினால் விற்பனை கூடுவதில்லை, கடன் கேட்பவர்தான் கூடுகிறார்.

மலைக்கடைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கடைச் சரக்கை வாங்குபவர் காபியை நம்பியவர். பற்று நோட்டில் இருப்பவர் காபியை நம்பியவர். மிச்சப் பணத்தில் நாம் வாங்குகிற இரண்டு ஏக்கர் காபி நிலம். ஊருக்குள் கட்டுகிற வாடகை வீட்டில் குடியிருக்கப் போகிறவரும் எஸ்டேட்டில் வேலை செய்பவர். நான்கு இடத்தில் பணம் போட்டதாக நாம் நினைக்கிறோம். நான்கும் ஒரே காபிச் செடியின் நான்கு கிளைகள். 2001இல் நான்கும் ஒன்றாகத்தான் வாடின. ஆகவே மலைக்கடைக்காரரின் வீட்டுப் பணத்தில் ஒரு பங்காவது மலையின் விளைச்சலோடு சம்பந்தம் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். கீழே சேலத்தில் இருக்கிற எங்களுக்கும் இது பொருந்தும். எங்களுக்குக் காபிக்குப் பதில் ஜவ்வரிசி, மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தால் யார் தருவார்?

ஒருவரிடம் பணம் கொடுக்கும் முன், "நீங்கள் விழுந்தால் என் பணத்தை யார் தருவார்?" என்று கேட்க வேண்டும். சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போது நாம் கேட்பதுதான் இது. வட்டி என்றதும் மறந்துவிடுகிறோம்.

சென்னையில் இது பழைய கதை. ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரர் நிறுவனம். நீண்ட காலம் நிலைத்த பெயர். உத்தியோகஸ்தர், விதவைகள், கோயில் பணம், மிராசுதார் பணம் என்று ஆயிரக்கணக்கானவர் கட்டினார்கள். அந்தப் பணம் லண்டனில் இருந்த கூட்டாளி மூலமாகத் தங்கச் சுரங்கம், அந்நிய நாட்டு ரயில்வே என்று சூதாட்டமாகப் போனது. 1906 அக்டோபரில் லண்டன் கூட்டாளி மெக்பேடியன் ரயில் முன் விழுந்து இறந்தார். இரண்டு நாளில், 22ஆம் தேதி, சென்னை அலுவலகம் மூடப்பட்டது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதம் சிறை சென்றார். சிறைக்குப் போனதால் யாருக்கும் பணம் திரும்பி வரவில்லை. அந்த அடியில் பிறந்ததுதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. நமது சேலம் வங்கி என்று 1925இல் ஆரம்பித்த வங்கியும் 1960களில் அதனோடுதான் சேர்ந்தது.

பெரிய பெயர், வெள்ளைக்காரர் நாணயம், லண்டன் தொடர்பு எதுவும் காப்பாற்றவில்லை. எழுத்தில் ஒரு பொறுப்பாளி இல்லை, அதுதான் காரணம்.

அந்தப் பொறுப்பாளி நம் நாட்டில் வந்தது 1962இல். 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு வைப்புத் தொகைக் காப்பீட்டுக் கழகம் அமைத்தார்கள். அமெரிக்காவில் 1934இல் வந்துவிட்டது. பிரிட்டனில் 1982 வரை கிடையாது. அங்கும் 2007இல் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்ற பிறகுதான் காப்புத் தொகையை உயர்த்தினார்கள். நம் நாட்டில் முதலில் காப்பு 1,500 ரூபாய்தான். 1993இல் ஒரு லட்சம் ஆனது. 2019இல் மும்பையில் ஒரு பெரிய கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்தவர் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்து நாடே அதிர்ந்தது. அதன் பிறகு 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம் ஆக்கினார்கள். 2021இல் திருத்திய சட்டப்படி, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் மீது கட்டுப்பாடு போட்டால் இந்தத் தொகை 90 நாளுக்குள் கிடைக்க வேண்டும்.

இதில் நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதைச் சொல்ல வேண்டும். ஐந்து லட்சம் என்பது ஒரு கணக்குக்கு அல்ல. ஒரு வங்கியில் ஓர் ஆளுக்கு. அசல், வட்டி இரண்டும் சேர்த்து. சேலம் கிளையில் இரண்டு லட்சம், ஏற்காடு கிளையில் நான்கு லட்சம் என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் கூட்டப்படும். அதைவிட முக்கியம்: தனி உரிமையாளர் கடையின் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கும், அந்த உரிமையாளரின் சொந்த வைப்புத் தொகையும் ஒரே வங்கியில் இருந்தால் இரண்டையும் ஒரே ஆளின் பணமாகவே கணக்கிடுகிறார்கள். வசூல் மாதத்தில் நடப்புக் கணக்கில் நான்கு லட்சம் கிடந்தால், மகள் கல்யாணத்துக்குப் போட்ட மூன்று லட்சத்தில் இரண்டு லட்சத்துக்குக் காப்பு இல்லை. பங்குதாரர் கூட்டு நிறுவனமாக இருந்தால் நிறுவனத்துக்குத் தனி, பங்காளிக்குத் தனி. தனிக் கடைக்காரர் செய்ய வேண்டியது எளிது: கடைக் கணக்கு ஒரு வங்கியில், வீட்டு வைப்பு வேறொரு வங்கியில். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைக்கு ஓவர்டிராப்டு கொடுத்த வங்கியிலேயே வீட்டுப் பணத்தையும் வைத்தால், கடை தடுமாறும்போது அந்த வங்கி அதைத்தான் முதலில் பிடிக்கும். நாகலூர்க்காரருக்கு நடந்தது அதுதான்.

வங்கியில் வைப்புத் தொகை வேறு, அந்த வங்கியின் பங்கு வேறு என்பதற்கு நம் பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று. கரூர் வியாபாரிகள் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. நம்மவர்கள் வங்கி என்ற பெருமைக்காகவே பங்கு வாங்கி வைத்த வணிகர்கள் எத்தனையோ பேர். 2020 நவம்பர் 17ஆம் தேதி 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில், 27ஆம் தேதி, டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்தார்கள். வைப்புத் தொகை வைத்தவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை; பங்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள். பங்குச் சந்தையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பல கம்பெனிப் பங்குகளைக் கலந்து வாங்குகிற பரஸ்பர நிதி, பத்து ஆண்டு தொடத் தேவையில்லாத பணத்துக்குச் சரிதான். பிள்ளைகள் அதில் போடுகிறார்கள், போடட்டும். விழுந்தால் யாரும் தரமாட்டார்கள் என்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவே.

கிராமங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வைப்பு வைக்கிறோம். அவை நல்ல சேவை செய்கின்றன. ஆனால் அந்த ஐந்து லட்சம் காப்பீடு கூட்டுறவு வங்கிகளுக்குத்தான் உண்டு. தொடக்கச் சங்கங்களுக்குக் கிடையாது. நிதி நிறுவனம், பெனிபிட் பண்ட் எதற்கும் கிடையாது. தபால் நிலையத்துக்கு இந்தக் காப்பீடு தேவையே இல்லை. 1882இல் தொடங்கிய நாள் முதல் அங்கே பொறுப்பாளி அரசாங்கமே.

நூற்றுக்கு இரண்டு, மூன்று

இந்தப் பகுதியில் எங்களுக்கே உபதேசம் செய்யத் தகுதி குறைவு. 1996இல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஐம்பதாயிரம் கட்டினோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி; கட்டிய அன்றே ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு. பதினான்கு மாதம் செக் ஒழுங்காக வந்தது. பதினைந்தாவது மாதம் போனால் வாசலில் பூட்டும், எங்களைப் போல நூறு பேரும். அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் இப்படி மூடியவை ஏராளம். தேக்குக் கன்று நடுகிறோம், இருபது வருடத்தில் லட்சாதிபதி என்று சொல்லி வசூலித்த திட்டங்களும் 1998 வாக்கில் சரிந்தன. இதற்காகவே தமிழ்நாடு அரசு 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனி சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கட்டியவர்களுக்குப் பங்கு பிரித்துத் தருவதற்கு அதில் வழி இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சொத்து இருந்தால்தானே பிரிக்க முடியும்? எங்களுக்குப் பல ஆண்டு கழித்து வந்தது நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் கணக்கில். குத்துவிளக்கு இன்றும் பூஜை அறையில் இருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கு எங்கள் வம்சத்தில் வேறு இல்லை.

அதற்குப் பிறகு ஜனங்கள் தெளிந்தார்களா? 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. 2022இல் சென்னையில் ஆருத்ரா. மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது ரூபாய் தருவதாகச் சொல்லி ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் பணம் வாங்கியதாக வழக்கு.

வியாபாரியாகிய நாம் இதில் ஏமாறக் கூடாது. ஒரு மூட்டை சர்க்கரை விற்றால் என்ன நிற்கும் என்று நமக்குத் தெரியும். நமக்கு மாதம் மூன்று ரூபாய் தருகிறவர் அதற்கு மேல் எங்கோ சம்பாதிக்க வேண்டும். ஆபீஸ் வாடகை, ஏஜெண்டு கமிஷன், குத்துவிளக்கு எல்லாவற்றையும் அதிலேயே சமாளிக்க வேண்டும். எந்தச் சரக்கில் அவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். விடை வராது. புதிதாகக் கட்டுபவர் பணம்தான் அந்தச் சரக்கு.

சீட்டு பற்றி ஒரு வார்த்தை. ஏலச்சீட்டு நம் வணிகத்தோடு பிறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம். சரக்குக்கு ஒரே தடவை பணம் புரட்ட அது நல்ல கருவி. ஆனால் 1982ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் தொடங்கும் முன்பே பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி பெற்று, பதிவு செய்து, பிணையத் தொகையும் கட்டியிருக்க வேண்டும். அவர் எடுக்கும் கமிஷன் முன்பு அதிகபட்சம் 5 சதவீதம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 7 ஆனது. அனுமதி எண் கேட்டால் முகம் மாறுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். கடை வாசலில் வாய்ப் பேச்சில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் ஒரு மூட்டை மைதாவுக்கு ஆகிற பணத்துக்கு மேல் வேண்டாம். நகைக்கடைச் சீட்டு ஏன் பதினோரு மாதத்தில் முடிகிறது தெரியுமா? கம்பெனிச் சட்ட விதிப்படி முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைத் தந்துவிட வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். ஆக அங்கே நாம் சேமிப்பவர் அல்ல, முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர். அந்தக் கடை மூடினால் நம் நிலை என்ன என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

நகை நல்லதுதான். ஆனால் கடைக்காரர் வீட்டு நகை ஆடி மாதத்தில் சரக்குக்காக முதலில் வெளியே போகிற பொருள். கைக்கு எட்டுகிற பணத்தை நாம் கடையில்தான் போடுவோம். அது நம் தொழில் புத்தி. அதனாலேயே, கொஞ்சம் கைக்கு எட்டாத இடம் வேண்டும்.

எங்கள் யோசனை

பி.பி.எப். கணக்கை முதலில் வைக்கிறோம். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக நின்ற வட்டி 2025 முழுவதும் அப்படியேதான் இருந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வட்டிக்கு வருமான வரி இல்லை. வருடம் 60,000 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே கட்டிவந்தால், இந்த வட்டியில், பதினைந்து ஆண்டில் கட்டிய ஒன்பது லட்சம் பதினாறு லட்சத்தைத் தாண்டும். மாதா மாதம் கட்டுபவர் 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. மலைக்கடைக்காரருக்குத் தை மாதப் பணம் ஏப்ரல் வரை கையில் நிற்பது கடினம். வசூலான மாதமே கட்டிவிடுவது மேல். ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். இவ்வளவு நாள் பூட்டா என்று சலித்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பூட்டுதான் நமக்கு வேண்டியது. ஜப்திப் பாதுகாப்பு கணக்கில் இருக்கும் வரைதான். எடுத்து வங்கியில் போட்ட பிறகு அதை நம்ப முடியாது. அரசாங்க வரிப் பாக்கிக்கும் இதைக் கேடயமாக நினைக்கக் கூடாது.

அடுத்தது ஆயுள் காப்பீடு. இதில் நம்மவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாத சங்கதி, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. மணமான ஒருவர் தன் உயிர்மீது, மனைவி, பிள்ளைகள் நலனுக்காக என்று எழுதி எடுக்கும் பாலிசி, அவர்களுக்கான அறக்கட்டளைபோல ஆகிவிடுகிறது. கணவரின் கடன்காரர் அதைத் தொட முடியாது. கணவரே நினைத்தாலும் அடகு வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும் வேறு. இந்துக்களுக்கும் இது பொருந்துகிறது. அதிலும் சென்னையில் 1913ஆம் ஆண்டு முடிவிலிருந்தே பொருந்தியது, மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரலுக்குப் பிறகுதான். பாலிசி எடுக்கும்போதே அதற்கான தனித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. ஏஜெண்டு தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். பணம் திரும்பி வருகிற பாலிசியைவிட, குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்கு எடுக்கும் டேர்ம் பாலிசியே கடன் சுமை உள்ள வியாபாரிக்குப் பொருத்தம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம், 2025இல் 8.2 சதவீதம். அறுபதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு மூத்த குடிமக்கள் திட்டம், அதே 8.2 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும், அதற்கு வரி உண்டு. கடையை மகனிடம் விட்டவருக்கு இது மாத வருமானம்போல உதவும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறோம். அந்தப் பணத்தை உடைத்து மகனின் கடைக்குக் கொடுக்காதீர்கள். கேட்பான். எங்கள் வீட்டிலும் கேட்டான்.

கடைசியாக நியமனதாரர் பெயர். எவ்வளவு சேர்த்தாலும் இது விட்டுப்போனால் வீட்டுப் பெண்கள் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டிவரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பழைய கணக்குகளில் காலஞ்சென்ற அம்மா, அப்பா பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள். எந்த வங்கி, எந்தத் தபால் நிலையம், என்ன எண் என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். கல்லாப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அங்கே அது பருப்பு மண்டி ரசீதோடு சேர்ந்து காணாமல் போகும்.

பி.பி.எப். விண்ணப்பமும், காப்பீட்டுக்கான 6ஆம் பிரிவுத் தாளும் சில பிரதிகள் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் அடுத்த கூட்டத்தன்று சங்க அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். நாகலூர், ஏற்காடு அன்பர்களுக்குச் சரக்கு வண்டியில் கொடுத்தனுப்புகிறோம்.